சாத்தனேரியைச் சுற்றி

ஜூன் 9, திங்கள்

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டரை மாற்றிக்கொண்டிருந்தபோது மோகனப்பிரியா கூப்பிட்டாள். நாமக்கல் தீவன ஆய்வகத்தில் ஏழு வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவள். அங்கே நான் ப்ரியா, அவள் மோகனப்பிரியா. இப்போது ஆய்வகத்துக்கே அவள்தான் பொறுப்பு.

"கோழித் தீவனத்துல பூஞ்சை நஞ்சு பாக்கறதுக்கு ஆளில்லாம தவிக்கறேன் ப்ரியா. புதுசா வர்ற புள்ளைங்க ரெண்டு மாசத்துல ஓடிப் போயிருதுங்க. நீ வாரியா?"

சொல்கிறேன் என்றேன். எப்போது என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"போன்ல யாரு?" என்று இவர் உள்ளேயிருந்து கேட்டார். "கேஸ்காரர்" என்றேன். எதற்காக அந்தப் பொய்? வாயில் தானாக வந்தது.

அதன்பின் ஒரு வேலையும் ஓடவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். முன்ஜன்னல், பின்ஜன்னல், மறுபடி முன்ஜன்னல். இந்த வீட்டில் மொத்தமே இருபத்திரண்டு காலடிதான்.

ஜூன் 11, புதன்

பின்தெருவைத் தாண்டினால் சாத்தனேரி. ஏரியைச் சுற்றி இரண்டு மாதத்துக்கு முன்பு கல் பாவி நடைபாதை திறந்தார்கள். வாசல் பலகையில் நீல நிறத்தில் வீல்சேர் படம் வரைந்திருக்கிறது. 'அனைவருக்குமான பாதை' என்று எழுதியிருக்கிறது. காய் வாங்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

இன்று சொன்னேன். "ஏனுங்க, ஒருநா போய்ப் பாத்துட்டு வரலாங்களா?"

"எதுக்கு? ஊரே என்னய வேடிக்கை பாக்கறதுக்கா?"

டிவியில் எதையோ மாற்றினார். எதையும் பார்க்கவில்லை. சத்தீஸ்கர், பீகார், மராட்டியம் என்று பதினெட்டு வருடம் ரிக் வண்டியோடு அலைந்து போர்வெல் போட்டவர். பைப்பைத் தூக்கும்போது வண்டி மேலிருந்து விழுந்து இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மருத்துவமனைக்கும் பிசியோதெரபிக்கும் பக்கமாக இருக்கும் என்றுதான் மல்லசமுத்திரத்தை விட்டு சேலத்துக்கு வந்தோம். வந்ததிலிருந்து மருத்துவமனை தவிர வேறெங்கும் போனதில்லை. அவரும் போகவில்லை, நானும் போகவில்லை.

ஜூன் 14, சனி

போனோம்! நிலா கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து பேசினாள். "அப்பா, அந்த ஏரிய வீடியோ எடுத்து அனுப்புங்க" என்றாளாம். மகள் சொன்னால் நடக்கிறது.

முதல் வாசலிலேயே தடை. பைக் நுழையக் கூடாதென்று மூன்று இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள். இடையில் இவருடைய வீல்சேர் வண்டி போகாது. நான் ஜாண் போட்டு அளந்தேன். இரண்டு விரல் குறைகிறது. பலகையில் படம் வரைந்தவரும் கம்பம் நட்டவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை போல.

"சொன்னனல்ல, திருப்பு" என்றார்.

திருப்பவில்லை. எனக்கு என்னவோ பிடிவாதம் வந்துவிட்டது. சுவரோரமாகவே தள்ளிக்கொண்டு வடக்கு வாசலுக்குப் போனேன். அங்கே கம்பம் இல்லை. சாக்கடை மேல் பலகைக்கல் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி ஏற்றினேன். உள்ளே போனதும் பாதை நன்றாகவே இருந்தது. இரண்டு வண்டி எதிரெதிரே போகும் அகலம். நடுவில் பார்வையில்லாதவர்களுக்கான மஞ்சள் புள்ளிக் கல். அதன்மேல் ஏறினால் வண்டி முழுவதும் நடுங்குகிறது. ஓரமாகப் போக வேண்டும் என்று புரிந்தது.

இருநூறு மீட்டர் போயிருப்போம். "போதும்" என்றார். வீடியோவில் ஏரியைவிட அவர் கட்டைவிரல்தான் அதிகம் விழுந்திருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

தோள் வலி. இவர் மாலை ஐந்து மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

இந்த வாரம் நான்கு நாள் போய்விட்டோம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் தூரம். இன்று உபரிநீர்க் கால்வாய்ப் பாலம் வரை. பாலம் சற்றுக் கூனல் போட்டிருக்கிறது. ஏற்றத்தில் என் மூச்சு எனக்கே கேட்டது. வேகநடை போகிறவர்கள் எங்களைப் பிளந்துகொண்டு இருபுறமும் போகிறார்கள். ஒரு அம்மா நின்று, இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "அவருக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். "அவரு இங்கதான் இருக்காருங்க, அவரயே கேளுங்க" என்றேன். அந்த அம்மா அதற்குள் போய்விட்டாள்.

தள்ளும்போது என் மனம் வண்டியில் இல்லை. நாமக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ராசிபுரம் தாண்டுகிறது. வெள்ளைக் கோட்டு போடுகிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். பாலத்தின் இறக்கத்தில், இந்தக் கைப்பிடியை விட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அவருக்குக் கெடுதல் நினைத்து அல்ல. கை காலியாக இருந்தால் எப்படியிருக்கும் என்றுதான். எழுதிவிட்டேன். எழுதியதை அடித்து அழிக்கப் போவதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பாலத்தின் மேல் நின்றபோது அவரே சொன்னார். "கைய உடு."

"சரிவுங்க."

"தெரியுது புள்ள. உடு."

விட்டேன். சக்கரத்தின் வெளிவளையத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டே இறங்கினார். இருபது அடிதான் இருக்கும். நான் கூடவே ஓடினேன், கையை நீட்டிக்கொண்டு. கீழே போய் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "எதுக்கு கோழி புடிக்கறவளாட்டம் ஓடியாற?"

எவ்வளவு நாளாயிற்று இவர் இப்படிச் சிரித்து. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வீடு வரும்வரை கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. துப்பட்டா முனையைச் சுருட்டிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

மல்லசமுத்திரத்திலிருந்து பெரியவர் வந்தார். இவருடைய அண்ணன் மணியன். தோட்டத்து மாங்காய், முருங்கைக்காய், ஒரு டப்பா நெய். கொண்டுவந்ததையெல்லாம் வைத்துவிட்டு வந்த விஷயத்தைச் சொன்னார்.

"இந்த ஆவணியோட ஊட்டு ஒப்பந்தம் முடியுதல்ல? அங்கயே வந்துருங்க. ஊடு சும்மாதான கெடக்கு. இங்க ஒத்த ஆளா இந்தப் புள்ள எத்தன நாளைக்கு அல்லாடும்? அங்கன்னா ஒரு சத்தம் குடுத்தா நாலு பேரு வருவோம்."

தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர். அதுதான் கஷ்டம். அந்த வீட்டுக்கு மூன்று படி. வாசலில் இறங்கினால் மணல் தடம். வண்டி ஒரு அடி நகராது. நான்கு பேர் தூக்கினால் வெளியே, தூக்காவிட்டால் கட்டில்.

இவர், "பாக்கலாண்ணா" என்றார். நான் மோர் எடுக்கப் போனவள் சமையலறையிலேயே நின்றுவிட்டேன். அங்கே போனால் நாமக்கல் இல்லை. எதுவும் இல்லை. ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று எனக்கு நினைவே இல்லாமல் போனது எப்படி?

ஜூலை 3, வியாழன்

விடிந்ததும் பால் வாங்கப் போனவள் ஏரிக்குப் போய்விட்டேன். தனியாக. வண்டி இல்லாமல். பாலத்துக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பார்க்கத்தான் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முழுச்சுற்று. இருபத்திரண்டு நிமிடம். பாதி தூரம் கிட்டத்தட்ட ஓடினேன்.

பாலத்துக்கு அப்பால் பாதை இன்னும் நன்றாக இருக்கிறது. இரண்டு பெஞ்சுக்கு நடுவில் வீல்சேர் நிற்க இடம் விட்டிருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் வேர் கிளம்பி நாலைந்து கல் புடைத்திருக்கிறது. அதற்கு வலதுபக்கம் ஒதுங்கினால் போய்விடலாம். மதகுக்குப் பக்கத்தில் மழைநீர் வடியும் இரும்புச் சட்டம். கம்பிகள் பாதையின் போக்கிலேயே ஓடுகின்றன, முன்சக்கரம் மாட்டும். குறுக்கே வைத்துக் கடக்க வேண்டும். தெற்குப் பக்கம் கழிப்பறை. சாய்தளம் உண்டு, கைப்பிடியும் உண்டு, கதவில் கம்பி சுற்றிக் கட்டியிருக்கிறது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே விளக்குமாறு, கூடை, ஒரு மாற்றுச் சேலை, சோற்றுப் போசி.

வேர்த்து, மூச்சு வாங்கி, நன்றாக இருந்தது. பிறகு ஏதோ திருடியதைப் போலவும் இருந்தது.

பால் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

"நேத்துக் காலைல எங்க போன?"

"பாலுக்கு."

"பாலு வரவே இல்லியே." பிறகு என் செருப்பைக் காட்டினார். ஏரிக்கரைச் செம்மண்.

கோபப்படுவார் என்று நின்றேன். "பாலத்துக்கு அக்கட்டால எப்பிடி இருக்குது?" என்று கேட்டார்.

சொன்னேன். மரவேர், இரும்புச் சட்டம், பெஞ்சு, கழிப்பறை. போர் போடுகிற இடத்தில் எத்தனை அடியில் பாறை, என்ன பாறை என்று கேட்பவர் போலத் துருவித் துருவிக் கேட்டார். கம்பி இடைவெளி எத்தனை விரல்? வேருக்கும் ஓரத்துக்கும் நடுவில் எவ்வளவு? அரை மணி நேரம் பேசினோம். மாத்திரை, டியூப், மலச்சிக்கல் இல்லாமல் நாங்கள் அரை மணி நேரம் பேசியது எப்போது?

ஜூலை 10, வியாழன்

முழுச்சுற்று. முக்கால்வாசி அவரே ஓட்டினார். சைக்கிள்காரர்கள் போடும் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நிலாவுக்குப் படம் போயிற்று.

தெற்குப் பக்கம் வந்தபோது நேரமாகிவிட்டது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இவர் டியூப் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டும். தவறினால் காய்ச்சல். அவரே செய்துகொள்வார், ஆனால் இடம் வேண்டும். கழிப்பறை முன்னால் துப்புரவு செய்யும் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்னாயி என்று பெயர்.

நான் கேட்டதும் பதறி எழுந்தார். "ஐயோ சாமி, பொறுத்துக்கங்க. சாமான் வெக்க எங்களுக்கு வேற எடம் குடுக்கலிங்க. சேல மாத்தறதுக்கும் ஒரு மறைப்பு இல்லிங்க. யாரும் வராத ரூம்புதானேன்னு..."

"நான் வந்துட்டனேம்மா" என்றார் இவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கூடைகளை வெளியே எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவியும் கொடுத்தார் அந்த அம்மா. இவர் வெளியே வந்ததும் சொன்னார்: "சேலையும் போசியும் இங்கயே இருக்கட்டும்மா. அந்த மூலையில ஆணி அடிச்சு மாட்டிக்குங்க. வண்டி திரும்பற அளவுக்கு நடுவுல மட்டும் எடம் இருந்தாப் போதும்."

திரும்பும்போது எனக்கு ஒரே பரபரப்பு. ஆய்வகத்தைப் பற்றி இன்று சொல்லிவிடலாமா? இப்போது? இந்தத் திருப்பத்தில்? வீடு வந்துவிட்டது.

ஜூலை 19, சனி

தெரிந்துவிட்டது. நான் குளித்துக்கொண்டிருந்தேன், போன் அடித்திருக்கிறது, எடுத்திருக்கிறார். மோகனப்பிரியா பாவம், எனக்குச் சம்மதம் என்றே நினைத்துப் பேசியிருக்கிறாள்.

"ஒண்ணர மாசமா பேசிட்டிருக்கீங்களாமா."

"சொல்லணும்னுதானுங்க..."

"உட்டுட்டுப் போவணும்னா போ. யாரு புடிச்சிக்கிட்டிருக்கா? கேஸ்காரருன்னு பொய் எதுக்கு?"

அவருக்கு அதுகூட ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் நான் என்னென்னமோ பேசினேன். ரெண்டு வருசமா நான் எங்க போனேன்? யாரு கல்யாணத்துக்குப் போனேன்? எனக்கு முப்பத்தொம்பது வயசு. நான் படிச்சதெல்லாம் எந்தக் கையால பண்ணினனோ அந்தக் கை இப்ப படுக்கைப்புண்ணு வந்திருக்கான்னு தடவிப் பாக்குது. அதத் தப்புன்னு சொல்லல. அது மட்டுந்தானான்னு கேக்கறேன். கத்தினேன். ஜன்னல் திறந்திருந்தது. திறந்தே இருக்கட்டும்.

அவர் சுவர்ப்பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 20, ஞாயிறு

பேச்சில்லை. சாப்பாடு, மாத்திரை, டியூப். எல்லாம் நேரத்துக்கு நடந்தது.

ஜூலை 21, திங்கள்

கோழி கிறுக்கினது போல எழுத்து.

மாவு அரைக்கப் போயிருந்தேன். அரை மணி நேரம்கூட இல்லை. வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. கட்டில் காலி, வண்டி இல்லை. போன் தலையணை மேல்.

மாவுத் தூக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். வடக்கு வாசல். பாலம். யாரும் இல்லை. வெயில் நேரம், பாதையே காலி. மரவேர். இல்லை. மதகு. அங்கே நின்றேன். தண்ணீரைப் பார்த்தேன். பச்சையாக, அசையாமல். கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான் இருக்கிறது. எதையாவது தேடினேனா, தெரியாது. வண்டியையா, சட்டையையா. சாமி சாமி என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

"ப்ரியா."

தெற்குப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். அவசரம் இல்லாமல். பின்னால் சின்னாயியம்மா, கையில் விளக்குமாறு.

"நாலு மணி நேரம் ஆச்சு. அந்த ரூம்புல நானே பாத்துக்கிட்டேன். ஆணி அடிச்சு எல்லாத்தையும் மாட்டிருச்சு இந்தம்மா..."

தோளில் அடித்தேன். ஓங்கி, மூன்று முறை. சின்னாயியம்மா என்னை இழுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "அழுவாத கண்ணு. அவரு நல்லாத்தான வந்தாரு" என்றார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

இவர் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏரியத்தான பாத்துக்கிட்டிருந்த?"

நான் தலையாட்டினேன்.

"போன வருசம் நானும் நெனச்சிருக்கேன். ஏரின்னு இல்ல, ஏதோ ஒண்ணு. உங்கிட்ட சொல்லல. இப்ப இல்ல ப்ரியா. சத்தியமா இப்ப இல்ல. இன்னைக்கு நான் சுத்தி வாரதுக்குத்தான் வந்தேன்."

இரண்டு பேரும் ஏரியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மாவு வீட்டு வாசலில் கொட்டிக் கிடந்தது. திரும்பும்போது பார்த்தோம்.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று அடித்தது பயத்தில் என்றுதான் நினைத்தேன். இன்று பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தால் பாதிதான் பயம். மீதி வேறு. அவர் நன்றாக வந்துகொண்டிருந்தார், நான் இல்லாமல். அந்தக் கோபம்.

எனக்கு என்னதான் வேண்டும்? போக வேண்டும் என்கிறேன். போகலாம் என்றால் அடிக்கிறேன்.

ஜூலை 28, திங்கள்

ஒருநாள் போய்விட்டு வா என்று அவரே சொன்னார். "ஒரு நாளு. காலைல போயி சாயங்காலம் வா. எப்பிடின்னு ரெண்டு பேருமே பாத்துக்கலாம்."

பஸ்ஸில் ஜன்னல் சீட். கையில் பையைத் தவிர ஒன்றும் இல்லை. அதுவே பெரிய விஷயமாக இருந்தது. ஆண்டகலூர் கேட் வருவதற்குள் மூன்று முறை போன் செய்தேன். ஒருமுறை எடுத்து, "பஸ்ஸுல தூங்கு" என்று வைத்துவிட்டார்.

ஆய்வகத்தில் அதே வாசனை. மக்காச்சோளம், சோயா, கரைப்பான் எல்லாம் கலந்தது. மோகனப்பிரியா பேச்சை வளர்க்கவில்லை. கோட்டைக் கொடுத்து ஒரு மாதிரியை முன்னால் வைத்தாள். கை தானாக வேலை செய்தது. பிப்பெட்டில் கோடு பார்த்து நிறுத்தியபோது ஒரு சொட்டுக்கூட மிகவில்லை. அடுத்த மாதிரியை நானே எடுத்தேன்.

மாலை ஏழு மணிக்கு வீடு. நன்றாகப் போனது என்றார். சாப்பிட்டேன் என்றார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார், இந்தப் புழுக்கத்தில். கழற்றச் சொன்னேன். முழங்கை தோலுரிந்து, இடுப்போரம் கன்றியிருந்தது.

கட்டிலிலிருந்து வண்டிக்கு மாறும்போது பிரேக் போட மறந்து விழுந்திருக்கிறார். முக்கால் மணி நேரம் தரையில். "எந்திரிச்சனா இல்லியா?" என்கிறார்.

ஜூலை 30, புதன்

மோகனப்பிரியாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். "சரி" என்றாள். அவள் திட்டியிருக்கலாம்.

மாலை ஏரிக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். தலைவலி இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பெருக்கு

பெரியவர் வந்தார். சாமான் ஏற்ற வண்டி எப்போது அனுப்பட்டும் என்று கேட்பதற்குத்தான். சாப்பாடு முடிந்ததும் இவர், "வாண்ணா, ஒரு நட போயிட்டு வரலாம்" என்றார். நானும் போனேன்.

வாசலைத் தாண்டியதும் பெரியவர் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தார்.

"கைய எடுண்ணா."

"இருக்கட்டும்டா, நான் தள்ளறேன்."

"எடுண்ணா. நீ கூட நட, போதும்."

பாலத்தில் ஏறும்போது பெரியவர் கை இரண்டு முறை முன்னால் போயிற்று, பின்னால் வந்தது. நான் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தக் கையை எனக்குத் தெரியும். மதகு வருவதற்குள் முட்டிவலி என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இவர் நடுவில் விட்டிருந்த இடத்தில் வண்டியைச் செருகி அண்ணனுக்காகக் காத்திருந்தார். நல்ல வெயில். ஆடிக் காற்று தண்ணீரில் கோடு கோடாகப் போனது.

"அன்னைக்குக் கீழ உழுந்துட்டியாமா. நிலா சொல்லுச்சு" என்றார் பெரியவர்.

"உழுந்தேன். எந்திரிச்சேன். ப்ரியா ஊட்டுல இருந்தப்பவும் ரெண்டு தடவ உழுந்திருக்கனே. அவ இருந்தா உழாம இருப்பனா? தூக்கறதுக்கு ஆளிருக்கும், அவ்வளவுதான். எந்திரிக்கறது எப்பிடின்னு அந்த பிசியோ தம்பி ஆறு மாசமா சொன்னான், நான் பழகவே இல்ல. இப்பப் பழகறேன்."

எனக்கு அது தெரியாது. நான் இல்லாத நேரம் பார்த்துச் சின்ன முக்காலியை வைத்துத் தரையிலிருந்து முக்காலி, முக்காலியிலிருந்து வண்டி என்று ஏறிப் பழகுகிறாராம்.

பெரியவர் பாதையை முன்னும் பின்னும் பார்த்தார். முட்டியைத் தடவிக்கொண்டார்.

"நம்மூர்ல இப்பிடித் தடம் இல்லியேடா" என்றார்.

"இல்லண்ணா."

"அப்ப நீ எப்பிடி வருவ?" அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் எனக்கு முன்னாலேயே செய்து காட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நிஜமாகவே கட்டிக்கொண்டு. முதல் முறை முக்காலி நழுவியது. இரண்டாம் முறை நழுவவில்லை. பன்னிரண்டு நிமிடம். நெற்றி நரம்பு புடைத்து, வேர்த்துக் கொட்டியது. வண்டியில் உட்கார்ந்ததும் முதலில் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப சொல்லு, எதுக்கு அந்தப் புள்ளகிட்ட முடியாதுன்ன?"



ஆகஸ்ட் 11, திங்கள்

ஒரு வாரம் தள்ளிப் போட்டுவிட்டு இன்று போன் செய்தேன். "வேற ஆளு போட்டாச்சுன்னு சொல்லோணும்னு ஆசதான் எனக்கு. போடல" என்றாள் மோகனப்பிரியா. செப்டம்பர் முதல் தேதி.

வீட்டு ஒப்பந்தமும் புதுப்பித்தாயிற்று. இவர்தான் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூன்று நாளாக மாலை மழை. மதகுப் பக்கம் சேறு இறங்கி பாதையே தெரியவில்லை. இவர் கூண்டில் அடைத்ததைப் போல வீட்டுக்குள் சுற்றுகிறார். முன்ஜன்னல், பின்ஜன்னல். "போயி உக்காருங்க" என்றேன். "உக்காந்துதான இருக்கேன்" என்றார். இருவரும் சிரித்தோம்.

இன்னும் எட்டு நாள். முக்காலியின் காலுக்கு ரப்பர் மாட்டினேன். கழற்றினேன். மறுபடி மாட்டினேன்.

செப்டம்பர் 1, திங்கள்

போய்விட்டு வந்தேன். பதினொரு மாதிரி பார்த்தேன். இவர் விழவில்லை. தூக்கம் வருகிறது.

செப்டம்பர் 18, வியாழன்

இதை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீடு பூட்டியிருக்கிறது.

ராசிபுரத்தில் பஸ் அரை மணி நேரம் நின்றுவிட்டது. இருந்தும் ஆறரைக்கெல்லாம் வந்துவிட்டேன். கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. பூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் தனியாகப் போய்த் திரும்பி வந்து பூட்டைப் பார்த்ததே இல்லை. பூட்டுவதென்றால் இருவரும் சேர்ந்து வெளியே போகும்போதுதான்.

போன் செய்யலாம் என்று எடுத்தேன். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு பைக்குள் போட்டுவிட்டேன். ஏரிப் பக்கம் நடக்கலாமா? கால் வலிக்கிறது. பசி. எதிர்வீட்டு மல்லிகாக்கா, "உள்ள வாங்க, காப்பி குடிங்க" என்றார். "இருக்கட்டுங்க, இப்ப வந்துருவாரு" என்றேன். சொல்லும்போது குரல் சாதாரணமாக இருந்தது. அதைக் கவனித்தேன்.

இதோ வருகிறார். தெருமுனையில் சின்னாயியம்மாவிடம் என்னவோ சொல்லிச் சிரித்துவிட்டுத் திரும்புகிறார். மடியில் ஒரு கட்டு கீரை.

வந்து, என்னைப் பார்த்து, பூட்டைப் பார்த்தார்.

"எப்ப வந்த?"

"இப்பத்தானுங்க."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "இன்னொண்ணு அடிச்சு வெக்கோணும்" என்றார். "ஆளுக்கொண்ணு."

ஆமாம். நாளைக்கே அடிக்க வேண்டும்.